மோதி பாக் பாலத்தடியில் பேச மறுத்த கியர்பாக்ஸ்

எந்தப் பழுதையும் விசாரிக்கத் தொடங்கும் முன், அந்த இயந்திரத்தில் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்பதை எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். எங்கள் துறையின் பராமரிப்புக் கையேட்டில் இந்த விதியைச் சேர்த்தவன் நான்தான். டெல்லி உத்தியோகம் முழுக்க இதைக் காட்டியே எத்தனையோ இளநிலைப் பொறியாளர்களை டிசம்பர் குளிரில் வியர்க்க வைத்திருக்கிறேன். விதி எனக்கும் பொருந்தும் என்பது மட்டும் தோன்றவில்லை. (ஓய்வு பெற்றவனுக்கு விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை. மனைவியை விசாரிக்க முடியாது. அது வேறு அதிகார வரம்பு.)

என் காரில் இஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கியர்பாக்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டும் இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு நின்றால் வண்டி மிரண்டுபோய் ஒரே கியரில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடத் தீபாவளிக்குப் பிறகு நான்கு முறை அப்படி ஆயிற்று. நானே ஒரு ஸ்கேனர் வாங்கி மாட்டினேன். ‘கியர்பாக்ஸுடன் தொடர்பு இல்லை’ என்றது. இஞ்சினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தயாரிப்புக் குறை என்று தீர்ப்பெழுதி, கம்பெனிக்குப் பதினான்கு அம்சப் புகாரும் இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பினேன். ஒவ்வொரு நிகழ்வையும் தேதி, நேரம், வெயில், வேகத்தோடு காரின் பராமரிப்பு நோட்டிலேயே தமிழில் எழுதி வந்தேன்.

“ஏங்க, ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்” என்றாள் என் மனைவி கோமதி.

“புகார் நிலுவையில் இருக்கும்போது மூன்றாம் நபர் கை வைக்கக் கூடாது.”

இந்த நிலையில்தான் சம்பந்தம் பேச மதுரையிலிருந்து ராமசாமியும் அவர் மனைவி தெய்வானையும் வந்தார்கள். அவர்கள் பையனும் எங்கள் மகள் மீனாவும் பெங்களூரில் ஒரே ஆபீஸ்; தாங்களாகவே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பெரியவர்கள் சம்மதம் மட்டும் பாக்கி. சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில் தங்கியிருந்தவர்களை, முனிர்காவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வர நானும் கோமதியும் காரோடு போனோம்.

அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், மோதி பாக் பாலத்தடியில் கார் நின்றது. ஐந்து முறை அணைத்துப் போட்டேன். கியரே விழவில்லை. பின்னால் ஹாரன்கள். நான் திரும்பி உட்கார்ந்து ராமசாமிக்கு என் புகாரின் அம்சங்களை வரிசையாக விளக்க ஆரம்பித்தேன். ஆறாவது அம்சத்தில் தெய்வானை மெதுவாக, “அண்ணே, ஆட்டோ பிடிச்சிருவமா?” என்றார்.

கோமதி என்னைக் கேட்காமல் வளர்மதிக்குப் போன் செய்தாள். விழுப்புரத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது டெல்லித் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில். கோட்லாவில் கார் எலெக்ட்ரீஷியன். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரை அவள் சரிசெய்தபோது, சான்றிதழ் இருக்கிறதா என்று நான் கேட்டிருந்தேன்.

நாங்கள் காரை ஓரம் தள்ளி முடிப்பதற்குள் ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். “எப்பலேர்ந்து அங்கிள் இப்பிடி, அதுக்கு முன்னாடி யாரு கை வெச்சது?”

நோட்டை நீட்டினேன். ஒரு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தாள். “எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் செக் பண்றேன், நீங்க சத்தமா படிங்க. மொத பக்கத்துலேர்ந்து.”

படித்தேன். முதல் பழுதுக்கு முந்தின நாள் பதிவு இது: “வருடாந்திரப் பராமரிப்பு. பேட்டரியைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் கழற்றப்பட்டு, துரு நீக்கப்பட்டு, அடியிலும் மேலும் இரண்டு கோட் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மீண்டும் முடுக்கப்பட்டன. செய்தவர்: நான்.” (எங்கள் துறையில் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் அசையாமல் நிற்கும் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்போம். ஒரு முறை அசையாமல் நின்ற காவலாளியின் பூட்ஸுக்கும் அடித்தோம்.)

வளர்மதியின் கை நின்றது. “அந்த லைன இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தேன், கொஞ்சம் குரல் இறங்கி.

“சத்தமா, அங்கிள்.”

ராமசாமி காரிலிருந்து இறங்கி வந்து காதைக் கொடுத்தார்.

அவள் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தாள். இன்னொன்றை கியர் கம்ப்யூட்டரின் எர்த் ஒயரில். கோமதியைச் சாவி திருப்பச் சொன்னாள். “ஜீரோகிட்ட வரணும். ரெண்டு வோல்ட் இங்கயே தொலையுது. பேசுற ஒயர் ரெண்டும் டீக் தான், நல்லாருக்கு. எர்த் ஒயருக்கு அடியில பெயிண்ட் அடிச்சிட்டீங்க, பெயிண்ட்ல கரண்ட் போவாது. அரை மயக்கத்துல இருக்கறவன் எங்கேர்ந்து பதில் சொல்வான்?”

போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை பிளேடால் சுரண்டி, திரும்ப முடுக்கினாள். பத்து நிமிடம். ஒரு பாகம்கூட மாற்றவில்லை. என் பதினான்கு அம்சங்களில் இல்லாத ஒரே கேள்வி அவளுடைய முதல் கேள்வி. அப்படி ஓர் ஆள் எனக்குக் கீழே இருந்திருந்தால் துறை உருப்பட்டிருக்கும். எனக்கு மேலே இருந்திருந்தால் இன்னும் நன்றாக.

“ஆனா பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கீங்க அங்கிள்” என்றாள் கிளம்பும்போது. “ஒரு சொட்டு வழியல.”

சாப்பிட்டு முடித்ததும் ராமசாமி எழுந்தார். “மார்கழி பொறக்கப் போகுது. முடியட்டும், சொல்றோம்” என்று கிளம்பிவிட்டார்கள். மீனா பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்தாள். “அப்பா, என் கல்யாணத்துல இன்னும் எதுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறதா இருக்கீங்க?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், கடைசியில் குரல் உடைந்தது. கம்பெனிப் புகாரை வாபஸ் வாங்கினேன். ராமசாமிக்கு, பழுது முழுக்க என்னுடையது, பெண்ணுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். இன்றும் எங்கள் வீட்டில் மிக்சி நின்றால்கூட, “கடைசியா பெயிண்ட் அடிச்சது யாரு?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

ராமசாமியின் பதில் நாலே வரி. “தன் தப்பைத் தேதி போட்டு எழுதி, நடுரோட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படிக்கிற மனுஷன் வீட்டில் தைரியமாகப் பெண் எடுக்கலாம் என்கிறாள் தெய்வானை. எனக்கும் அப்படித்தான் படுகிறது. நாள் பாருங்கள்.” அது வந்து சேர்ந்தது தை மூன்றாம் தேதி.