ஸ்பெயின் கந்தோருக்கு ஒரு கோல்

வேற்று மொழியில் ஒரு சொல்லும் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கொஞ்சம் தெரிந்தவனைத்தான் தொலைபேசிப் பக்கம் விடக் கூடாது. எனக்கு ஒரு காலத்தில் ஸ்பானிய மொழி கொஞ்சம் தெரிந்திருந்தது. அத்தனையும் கந்தோர்ச் சொற்கள், அலுவலகத்தில் புழங்குபவை. குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. முத்திரை குத்தச் சொல்லத் தெரியும்.

அது இலங்கையில் சண்டைக் காலம். லண்டனுக்கென்று முகவரை நம்பிப் போன என் அண்ணன் ஸ்பெயினில் பிடிபட்டு ஒரு முகாமில் இருந்தார். அவருடைய குடும்ப விவரங்களை ஊரிலிருந்து யாராவது உறுதிப்படுத்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தகவல் வந்தது. திரும்பி வந்தால் எங்கள் ஊரான மண்டூர் வரைக்கும் வந்து சேர்வார் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை.

மட்டக்களப்பு நகரத்தில், ரோமில் படித்தபோது ஸ்பானிய மொழியும் கற்றுக்கொண்ட பாதிரியார் ஒருவர் இருந்தார். முகாம் கந்தோரோடு அவரே பேசுவதாக ஏற்பாடு. அவரிடம் போய் 'விண்ணப்பம்', 'கையெழுத்து', 'திருமணமானவர்' என்பவற்றுக்கு ஸ்பானியச் சொற்களை நானும் பாடமாக்கினேன். (தேவையே இல்லை. வீட்டில் எனக்குத்தான் மூளை அதிகம் என்ற நினைப்பு.)

தொலைபேசிக் கோல் எடுக்க வேண்டிய நாளில் வாழைச்சேனைக்குப் போன பாதிரியார் திரும்பவில்லை. இராணுவத்தினர் வீதியை மூடிவிட்டார்கள்.

"இப்ப என்ன செய்யிற மச்சான்?" என்றார் அண்ணனின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு.

"நான் கதைக்கிறன் மச்சாள். நீங்க பயப்படாதீங்க."

தொலைபேசிக் கடையில் இணைப்புக் கிடைத்தது. மறுமுனையில் ஓர் ஆண் குரல். அண்ணனின் பெயரைச் சொன்னேன். திருமணமானவர் என்பதற்கு அவர்கள் சொல் 'கசாதோ'. என் வாயில் வந்ததோ 'கன்சாதோ'. அதற்குக் களைத்துப்போனவர் என்று அர்த்தம். அண்ணன் கன்சாதோ, மச்சாள் கன்சாதா என்று கடல் தாண்டிக் கேட்கும்படி கத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "யோ தம்பியேன்."

"மச்சாள், அந்தாள் என்னைத் தம்பி எண்டு கூப்பிடுறார்! தமிழ் தெரியும்!"

கடைக்காரரே எழுந்து நின்றுவிட்டார். நான் எங்கள் கஷ்டம் முழுவதையும் தமிழில் கொட்டினேன். அந்த மனிதர் குறுக்கிடவே இல்லை. கடைசியில் யாரையோ கூப்பிடும் சத்தம். முகாமில் இருப்பவர்களைப் பேச விடமாட்டார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம். வந்தது அண்ணனின் குரல்.

"டேய், என்னடா சொன்னாய்? நாங்க எல்லாரும் களைச்சுப் போனமாம். தானும் அப்பிடித்தானாம் எண்டு சொல்றார்."

'தம்பியேன்' என்றால் 'நானும்தான்'.

மச்சாள் ரிசீவரை வாங்கினார். மாதக்கணக்காகக் கேட்காத குரல். அதைப் பிள்ளையின் காதில் வைத்தார். நான் வெளியே போய் நின்றேன்.

வீதி திறந்ததும் பாதிரியார் ஒழுங்காகப் பேசினார். அண்ணனுக்கு அங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. எனக்கு வீட்டில் 'தம்பியேன்' என்ற பெயர் நிலைத்தது. சில வருடங்கள் கழித்து மச்சாளும் பிள்ளையும் போனார்கள். அங்கே விமான நிலையத்தில், திருமணமானவரா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். பதற்றத்தில் மச்சாளுக்கு நான் கத்திய சொல்தான் வந்திருக்கிறது. "கன்சாதா."

அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையை மச்சாளுக்குக் கொடுத்தாராம்.