பிலிப் அரசன் விடயமாக அத்தானுக்கு

பிராண்டே, டென்மார்க்
தை மாதம், செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அத்தான் மகேந்திரராசா அவர்கட்கு,

குலேந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. பாரிஸில் நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூர்க் கந்தன் துணை. இங்கு நான் சுகம். உங்கள் தங்கை சுசீலாதேவியும் சுகம் என்று ரண்டர்ஸிலிருந்து தகவல். அவர் ஏன் ரண்டர்ஸில் எங்கள் மகள் மேனுஜாவின் வீட்டில் இருக்கிறார், நான் ஏன் பிராண்டேயில் தனியாக இருந்து பாணும் சீஸும் சாப்பிடுகிறேன் என்பதை அவர் தொலைபேசியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அது ஒரு பக்கம். மறுபக்கத்தை நான் எழுத்தில் வைக்கிறேன். தொலைபேசியில் உங்களோடு கதைத்தால் "ஓம் அத்தான், சரி அத்தான்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. உங்கள் தங்கையை எனக்குப் பேசிய நாளிலிருந்தே அப்படித்தான்.

எல்லாம் நூலகத்தில் தொடங்கியது. காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, "வீட்டுக்குள்ள நிண்டு என்ரை காலுக்குள்ள தடக்காதேங்கோ, எங்கையாவது போட்டு வாங்கோ" என்று உங்கள் தங்கைதான் என்னைக் கார்த்திகை மாதம் அங்கே அனுப்பினார். அன்று அங்கே கோப்பியும் பனிசும் கொடுத்து ஒரு வரலாற்றுப் பேச்சு நடந்தது. எண்ணூறு வருடங்களுக்கு முன் இங்கபோர்க் என்றொரு டென்மார்க் அரசகுமாரியை பிரான்சு அரசன் இரண்டாம் பிலிப்புக்குக் கட்டிக்கொடுத்தார்களாம். கலியாணம் முடிந்த மறுநாளே அரசன் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். ஏன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாதாம். சுற்றியிருந்த டெனிஸ் மூதாட்டிகள் எல்லாரும் "பாவம் பிள்ளை, பாவம் பிள்ளை" என்று பனிசைக் கையில் வைத்துக்கொண்டே உருகினார்கள். நான் மட்டும் அந்த அரசனையே நினைத்து வாயடைத்துப்போய் இருந்தேன்.

அத்தான், நீங்கள் லா சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போகும் இரண்டாம் இலக்க மெட்ரோவிலேயே அவன் பெயரில் ஒரு தரிப்பிடம் இருக்கிறதாம், பிலிப் ஒகுஸ்த் என்று. இத்தனை வருடம் அந்த வழியால் போய்வந்தும் இப்படி ஒரு மனிதனைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினைந்து வயதில் ஆட்சிக்கு வந்தவன். பெயருக்குத்தான் அரசன், கையில் இருந்தது பாரிஸும் அதைச் சுற்றிக் கொஞ்ச நிலமும். நாலு பக்கமும் அவனைவிடப் பெரிய பிரபுக்கள், மேற்கே பாதி நாடு இங்கிலாந்து அரசனின் கையில். இவன் ஆறப்போட்டான், அந்த இங்கிலாந்து அரசனுக்கும் அவன் மகன்மாருக்கும் நடந்த சண்டைக்குள் புகுந்தான், காலம் வந்ததும் அவர்களிடமிருந்து நோர்மண்டியையே பிடுங்கிக்கொண்டான். சண்டையைவிட அவனுடைய நிர்வாகம்தான் என்னை உலுக்கிவிட்டது. பரம்பரைப் பிரபுக்களை நம்பாமல் சம்பளத்துக்கு ஆள் வைத்தான்; அவர்களும் ஓரிடத்தில் வேர்விடாதபடி இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். அந்தக் காலத்தில் அரசன் போகுமிடமெல்லாம் அரசாங்கப் பத்திரங்களும் வண்டியில் கூடப்போகுமாம். ஒரு சண்டையில் அந்த வண்டியை எதிரி பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பாரிஸில் ஒரே இடத்தில் வைப்பித்தான். யன்னலைத் திறந்தால் சேற்று நாற்றம் அடிக்கிறதென்று பாரிஸ் தெருக்களுக்குக் கல் பதிப்பித்தான். நாற்றம் எங்களுக்கும்தான் அடிக்கிறது, நாங்கள் யன்னலை மூடுவோம். அவன் தெருவை மாற்றினான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இடைவேளையில் சுசீலா தொலைபேசி எடுத்து வெங்காயம் முடிந்துவிட்டது என்றபடியால் மிச்சப் பேச்சைக் கேட்காமல் கடைக்குப் போனேன். இந்த வெங்காயத்தை நினைவில் வையுங்கள், பிறகு நான் பட்டதற்கெல்லாம் அதுதான் காரணம்.

எங்கள் பொங்கல் குழுவுக்கு இம்முறை நான்தான் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கதிரை போதவில்லை என்று நான் அடுத்த அறைக்கு எடுக்கப் போன நேரத்தில் என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள். ஆனால் தலைவரிடம் ஒன்றுமில்லை அத்தான். எங்கள் குழுவுக்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது, சாமான்கள் எல்லாம் ஒவ்வொருவர் வீட்டுக் கராஜில் கிடக்கின்றன. ஒலிபெருக்கிப் பெட்டிகள் நேசராஜாவின் கராஜில். மேடைத் திரையும் குத்துவிளக்குகளும் விமலராணியின் கராஜில். பொங்கும் பெரிய கிடாரங்களும் அகப்பைகளும் என் வீட்டுக் கராஜில், ஆனால் உங்கள் தங்கையின் ஆட்சியில். யாருடைய கராஜோ அவர்தான் அந்தத் துறைக்கு அரசர். நேசராஜாவின் மகளுக்குப் பாட்டு நேரம் கொடுக்காவிட்டால் ஒலிவாங்கி இரையும். விமலராணியை முன்வரிசையில் இருத்தாவிட்டால் திரை பாதியில் சிக்கும். இருபது வருடமாக இதைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு அந்த நூலகத்தில் கண் திறந்தது. இவர்கள் பிரபுக்கள். நான் பதினைந்து வயதுப் பிலிப்.

ஆகவே எல்லாச் சாமான்களும் தலைவரின் நேரடிப் பொறுப்பில் ஒரே கராஜுக்கு வரவேண்டும் என்று மார்கழிக் கூட்டத்தில் அறிவித்தேன். எல்லாரும் ஒருசேரத் திரும்பிச் சுசீலாவைப் பார்த்தார்கள். அவர் தலையை லேசாக ஆட்டினார். அதன் பிறகுதான் "ஓம் அண்ணை, நல்ல விசயம்" என்றார்கள். அத்தான், உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அன்று சமையல் பொறுப்பாளராக அவரையே மீண்டும் அறிவித்து, கைதட்டலும் வாங்கிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை வாட்ஸ்அப் குழுவில், சொந்த வீட்டிலிருந்தே சீர்திருத்தம் தொடங்கவேண்டும் என்பதால் சமையல் பொறுப்பிலிருந்து திருமதி சுசீலாதேவி குலேந்திரன் விடுவிக்கப்படுகிறார் என்று போட்டேன். குசினி அடுப்படியில் நின்ற அவருடைய தொலைபேசியும் கிணுகிணுத்தது.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தார்.

"நான் என்ன பிழை விட்டனான்?"

"பிழை ஒண்டும் இல்லை. இது நிர்வாகம்."

"பிழை இல்லையெண்டால் நான் விலகேல்லை. நீங்கள் எழுதிப் போட்டதுக்காக நான் விலகின ஆளா ஆகமாட்டன்."

இதைச் சொல்லிவிட்டு மார்கழி நத்தார் பண்டிகைக்கு மேனுஜாவிடம் போவதாகக் காரை எடுத்துக்கொண்டு ரண்டர்ஸுக்குப் போனார். நத்தார் முடிந்து, வருடமும் பிறந்து, அவர் இன்னும் அங்கேதான்.

நான் தளரவில்லை. பிலிப் தளர்ந்தானா? காரில்லாமல் பிராண்டேயில் இருப்பது கையில்லாமல் இருப்பதற்குச் சமம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சைக்கிளுக்குப் பின்னால் வண்டியைக் கொழுவிக்கொண்டு, எதிர்க்காற்றில் முன்னுக்குப் போகிறேனா பின்னுக்குப் போகிறேனா என்று தெரியாமல் மிதித்து, நேசராஜாவிடம் போனேன். மனிதன் மரியாதையாகப் பெட்டிகளைத் தூக்கி வைத்தார், கயிற்றால் கட்டினார், தேத்தண்ணியும் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த வயரை எதில் செருகுவதென்று கடவுளுக்கும் நேசராஜாவுக்கும்தான் தெரியும். விமலராணியும் சிரித்த முகத்தோடு திரையைத் தந்தார். அதைக் கொழுவும் வளையங்கள் இல்லை. கேட்டால், "அது திரையில்லையே அண்ணை, அது என்ரை வளையம்" என்றார். எப்படியோ எல்லாம் என் கராஜுக்கு வந்துவிட்டன. அன்று விளக்கைப் போட்டு, பெட்டிகளையும் திரையையும் குத்துவிளக்குகளையும் கிடாரங்களையும் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு என்னை நினைத்தே வியப்பாக இருந்தது. முழு இராச்சியமும் ஒரு கூரையின் கீழ். கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை என்பது மட்டும்தான் குறை.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் பெண்கள் எல்லார் சார்பிலும் விமலராணி ஒரு செய்தி போட்டார். சுசீலா அக்கா திரும்பிப் பொறுப்பெடுக்கும்வரை பொங்கல் குழுவுக்காக எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது என்று. முப்பது பெண்கள் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நேசராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தால், அவர் சபைக்குப் போகிற மனிதர், வேதமும் வரலாறும் தெரிந்தவர், அமைதியாகச் சொன்னார்: "அண்ணை, அந்தக் காலத்தில போப்பாண்டவர் உங்கடை பிலிப்புக்கு இதைத்தான் செய்தவர். அவன் அந்த மனிசியைத் தள்ளிவைச்சதுக்காக பிரான்சிலை கோயில் மணி அடிக்கவிடேல்லை. வயர் நான் வந்து கொழுவித் தாறன். சமாதானத்தை நீங்கள்தான் கொழுவ வேணும்."

வருகிற சனிக்கிழமை பொங்கல் விழா. மண்டபம் எடுத்தாயிற்று, கொம்யூன் நகரசபையிலிருந்து விருந்தினரைக் கூப்பிட்டாயிற்று, இருநூறு பேர் வருவார்கள், பொங்க ஆளில்லை. சரி, நானே பொங்கிக் காட்டுகிறேன் என்று கராஜில் ஒரு கிடாரத்தை வைத்து ஒத்திகை பார்த்தேன். பச்சையரிசி வாங்க எஸ்பியர்க் போகவேண்டும், காரில்லை. சந்திக் கடையில் டெனிஸ்காரர் நத்தாருக்குப் பால்கஞ்சி காய்ச்சும் உருண்டை அரிசி இருந்தது. அரிசி அரிசிதானே என்று வாங்கினேன். பால் எந்தப் பக்கம் பொங்கி வழியும் என்று சூரியனையும் கிடாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எந்தப் பக்கமும் வழியவில்லை. அடியில் பிடித்து, மேலே களியாகி, நடுவில் அகப்பை நிமிர்ந்து நின்றது. புகையைக் கண்டு பக்கத்து வீட்டு எமிலியா ஓடிவந்தார். எட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தார், வீட்டுக்குப் போய் கறுவாத்தூளும் வெண்ணெயும் கொண்டுவந்து மேலே போட்டு, தன் பாட்டி செய்த நத்தார்க் கஞ்சி இதேதான் என்று இரண்டு கோப்பை சாப்பிட்டார். பிறகு, "சுசீலா எங்கே?" என்றார். பிரான்சு அரசியல் விடயமாக ரண்டர்ஸ் போயிருக்கிறார் என்றேன். டெனிஸ்காரர் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், அது அவர்களுடைய நல்ல குணம்.

அன்று மேனுஜா தொலைபேசி எடுத்தாள். வழக்கமாக டெனிஸில் கதைப்பவள் அன்று தமிழில் தொடங்கினாள்.

"அப்பா, நீங்கள் அந்த லெக்சருக்குப் பாதியிலை எழும்பி வந்தனீங்களோ?"

"வெங்காயம் வாங்க."

"மிச்சத்தை அம்மா என்னட்டை வாசிப்பிச்சுக் கேட்டவ. அந்த ராணியை இருபது வருசம் அடைச்சு வைச்சவங்கள். அவ விலகிறதுக்கு ஒருக்காலும் ஓமெண்டு சொல்லேல்லை, நான்தான் ராணி எண்டபடியே இருந்தவ. கடைசியிலை ராசாதான் கூப்பிட்டவர்."

பின்னால் சுசீலாவின் குரல் கேட்டது. "இருபது வருசமோ? பரவாயில்லை. எனக்கு அவசரம் இல்லை எண்டு சொல்லு."

அத்தான், நான் கதிரையில் இருந்துவிட்டேன். மொழி தெரியாத நாட்டில், பதினெட்டு வயதில், துணைக்கு ஒருவரும் இல்லாமல், படையில்லாமல், போப்பாண்டவரிடம் நீதி கேட்டு ரோம் ரோம் என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டு ஒரு பெண் அந்தப் பிலிப்பை வென்றிருக்கிறாள். நோர்மண்டி விழுந்தது, இவள் விழவில்லை. இத்தனை நாள் நான் தவறான ஆளைப் பார்த்து வாய் பிளந்தேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் தங்கைக்கு ரோம் எது என்பது எனக்குத் தெரியும். அது லா கூர்னேவில் மூன்றாம் மாடியில், உங்கள் வீட்டில் இருக்கிறது. ஆகவேதான் உங்களுக்கு எழுதுகிறேன். தீர்ப்புச் சொல்ல முன் என் நிபந்தனைகளையும் கேளுங்கள். அவர் திரும்பி வரலாம். கிடாரங்களைத் தொடலாம். ஆனால் நான்தான் தலைவர் என்பதைக் குழுவில் எல்லாருக்கும் தெரியும்படி அவர் ஒருமுறை சொல்லவேண்டும், கூட்டத்தில் நான் கதைக்கும்போது சனம் அவரைத் திரும்பிப் பார்த்தால் அவர் தலையாட்டக் கூடாது. இதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன்.

வீட்டில் வேறு குறையில்லை. தேத்தண்ணி போட்டால் இரண்டு கோப்பைக்குத்தான் கை போகிறது. மற்றக் கோப்பையையும் நானே குடிப்பதால் நித்திரை குறைவு. மெத்தப் பெரிய வீடு இது, அத்தான். முன்பு தெரியவில்லை.

உங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தையில் கைகால் சுகமும் மனச்சுகமும் எல்லாம் வல்ல கந்தன் அருள்வானாக. உங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்டவனும், மேற்சொன்ன நிபந்தனைகளில் மட்டும் கட்டுப்படாதவனுமாகிய,

தங்கள் அன்பு மைத்துனன்
குலேந்திரன்
தலைவர், பொங்கல் குழு

பி.கு.: அத்தான், மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் மறந்துவிடுங்கள். இன்று வியாழக்கிழமை. முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் சுசீலா காரோடு வந்து நின்றார். நேற்றுக் குழுவில் நான் போட்ட செய்தியைப் பார்த்துத்தான் வந்தாராம். நான் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகவும், சுசீலாதேவி அவர்களையே தலைவராக முன்மொழிவதாகவும் போட்டிருந்தேன். மேலே எழுதி முடித்த மறுநாளே போட்டுவிட்டேன், உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லாரும் கைகூப்பிவிட்டார்கள். பச்சையரிசி கார் டிக்கிக்குள் இருக்கிறது. பெட்டிகளையும் திரையையும் நாளை உரியவர்களின் கராஜுக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவு, சைக்கிளில்தான்.

சுசீலா குளிர் ஜாக்கெட்டும் கழற்றாமல், கதிரையில் இருக்காமலும், நின்றபடியே இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "அந்த ராசா கடைசியிலை ஏன் அவவைத் திருப்பிக் கூப்பிட்டவன்?" என்று கேட்டார். இங்கிலாந்துக்குப் படையெடுக்க டென்மார்க்கின் கப்பல்கள் தேவைப்பட்டிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள் என்றேன்.

"உங்களுக்கு என்ன தேவைப்பட்டது?"

நான் பதில் சொன்னேன். அதை அவருடைய அண்ணனுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டுவிட்டு அவர் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவினார்.