மெஷின் வாயில் மாட்டிய கரண்டி

அன்பு மருமகனுக்கு,

உன் தாய்மாமன் ஆசிகள் பல சொல்லி எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு நீயும் உன் அம்மாவும் எல்லா அளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நீ இரவல் கொடுத்த டிரில்லிங் மெஷினும் சௌக்கியம்தான், வாயைத் தவிர.

மெஷினை எப்போது திருப்பித் தருவேன் என்று நீ மூன்று தடவை ஆள் விட்டுக் கேட்டுவிட்டாய். நான் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது போனில் அடங்குகிற விஷயமில்லை, மேலும் என் போன் பெயின்ட் வாளிக்குள் விழுந்து ஊமையாகிவிட்டது. ஆகவே கடிதம், இன்று மாலை உன் ஆள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்து ஒன்றரை மாதம் ஆகிறது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே என்று, உள்ளே போகிறவர் வாய் ஓயாமல் சத்தம் கொடுக்க வேண்டும் என நானே ஒரு திட்டம் வகுத்தேன். உன் அத்தை உள்ளே போனால் என்னைத் திட்டுவாள். அவளுக்கு இதுவரை விஷயம் தீர்ந்ததே இல்லை. நான் வாய்ப்பாடு சொல்வேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் மட்டும் சற்று நிதானிப்பது என் வழக்கம். போன வாரம் அந்த நிதானத்தில், கை கழுவ வந்த பக்கத்து வீட்டம்மாள் கதவைத் திறந்துவிட்டார். முகமெல்லாம் சோப்போடு, "பதிமூணேழு?" என்றேன். "தொண்ணூத்தொண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். படித்த குடும்பம்.

அன்றுதான் உன் அத்தை கொதித்துவிட்டாள். "சனிக்கிழமை எங்கண்ணன் பத்து நாள் தங்க வர்றார். ராணுவத்துல பாலம் கட்டின மனுஷன். அவரையும் உள்ள நின்னு கத்தச் சொல்லுவீங்களா? அதுக்குள்ள தாப்பா போடலைன்னா, பத்து நாளெல்லாம் கிடையாது, மறுநாளே அவரும் நானும் கிளம்பிடுவோம்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டாள். இன்று வெள்ளிக்கிழமை. என் நிலைமை உனக்குப் புரிகிறதா?

செவ்வாய்க்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டேன். வேறு யாராவது என்றால் நேராகத் துளை போட்டிருப்பார்கள். நான் அப்படிப்பட்டவனா? புதுத் தாழ்ப்பாளுக்குப் பழைய கதவு அழகாயிருக்காது, முதலில் பச்சைப் பெயின்ட் அடிப்போம் என்று தீர்மானித்தேன். வாளியைத் திறந்தால் அடியில் ஒரே கட்டி. குச்சியால் கிளறினால் அரை நாள் ஆகும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. உன் அத்தையின் நீளக் கரண்டியை எடுத்து, அதன் உருண்டைக் காம்பை மெஷின் வாயில் சொருகி, இறுக்கி, வாளிக்குள் விட்டு விசையை அமுக்கினேன். மூன்றே நிமிஷத்தில் பெயின்ட் தேனாகிவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே இன்ஜினியர்களை வைத்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் கரண்டி தோன்றவில்லை பார். குனிந்தபோது போன் உள்ளே விழுந்ததை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஆனால் கரண்டி வெளியே வரமாட்டேன் என்றது.

அந்தக் காலத்து மெஷினில் வாயைத் திறக்க ஒரு சாவி இருக்கும். உன் மெஷினில் சாவியைக் காணோம். அரிசி டப்பா முதல் அலமாரி உச்சி வரை வீட்டைப் புரட்டிவிட்டு, கடைசியில் கரண்டியோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் மெஷினைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "ஐயா, இந்த வாய் சாவி இல்லாத சக்கு. பின்வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு முன்வளையத்தைக் கையால திருகினாலே திறந்துக்கும். ஆனா எந்தப் பக்கம்னா..." என்று ஆரம்பித்தார். "பக்கமெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம்மா, நாலு ஊருக்குத் திருகிக் குடுத்த கை இது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளையிடம் பக்கம் கேட்டேன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாதில்லையா?

வீட்டுக்கு வந்து திருகினேன் பார், மருமகனே, அப்படி ஒரு திருகு! கை சிவந்தது. துணி சுற்றித் திருகினேன். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை விட்டுத் திருகினேன். உன் அத்தை வைத்த வெந்நீரைக் காட்டித் திருகினேன். புதன், வியாழன் இரண்டு நாளும் இதே வேலை. ஒவ்வொரு திருகுக்கும் வாய் இன்னும் கெட்டியானதே தவிர அசையவில்லை. இரும்புக்கே என் பலத்தைப் பார்த்துப் பிடிவாதம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்று காலை தெருக்கோடி பிளம்பரை வரவழைத்தேன். ஒரு முழ நீளப் பைப் ரெஞ்ச்சோடு வந்தான். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நான் காட்ட, அவன் தொங்கியே பார்த்துவிட்டான். நடக்கவில்லை. "அண்ணே, கரண்டித் தலையை ஏதாவது கதவிடுக்குல குடுத்து அமுக்கிப் பிடிப்போம். நீங்க விசையை அமுக்குங்க, வாய் தானா வழிக்கு வரும்" என்றான். கைக்கெட்டின கதவு குளியலறைக் கதவுதான். உள்ளே உன் அத்தை துணி துவைத்துக்கொண்டே என் தங்கைமார் விஷயம் வரை திட்டி வந்திருந்தாள். கரண்டியை இடுக்கில் கொடுத்தோம். பிளம்பர் கதவைப் பிடித்துக்கொண்டான். தெருவே திரண்டு வந்து பார்த்தது. பக்கத்து வீட்டம்மாளும் அவர் பூனையும்தான் என்று உன் அத்தை சொல்வாள், நம்பாதே. நான் விசையை அமுக்கினேன்.

மருமகனே, கரண்டி அசையவே இல்லை. நான் சுற்றினேன்.

ஒன்றரைச் சுற்று சுற்றியிருப்பேன், என் கால் பட்டுப் பெயின்ட் வாளி கவிழ்ந்தது, அதில் வழுக்கிய பிளம்பர் கதவோடு உள்ளே போய் விழுந்தான், உன் அத்தை யார் எவர் என்று பார்க்காமல் ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். இப்போது அவன் மீசையில் பாதி பச்சை. "அண்ணி, நான் ரெஞ்ச் பிடிக்கத்தான் வந்தேன்" என்று அழுதுகொண்டே போனான்.

ஆகவே என் முடிவு இதுதான். இந்த வாயை மனிதப் பிறவி எவராலும் திறக்க முடியாது. தப்பு முழுக்க மெஷின் செய்த கம்பெனியுடையது. அவர்களுக்கும் விவரமாக ஒரு கடிதம் எழுதப் போகிறேன், அவர்கள் திருந்தினால் உலகத்துக்கு நல்லது. நீ நாளைக் காலை முதல் பஸ்ஸில் வேறொரு மெஷினோடு வந்துவிடு. பாலம் கட்டினவர் பத்து மணிக்கு வந்து இறங்குகிறார். அதற்குள் தாழ்ப்பாள் ஏறாவிட்டால் உன் அத்தையின் பெட்டி பஸ் ஏறிவிடும். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. இதை மட்டும் யாரிடமும் சொல்லாதே.

உன் அம்மாவுக்கு என் அன்பு. நீ என்னைப் போலவே பலசாலியாக, புத்திசாலியாக நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
உன் அன்புத் தாய்மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒட்டின பெயின்டைக் கழுவக் குளியலறைக்குள் வந்தேன். உன் அத்தை அதை எடுத்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு மெஷினை மடியில் வைத்து, வளையத்தை எதிர்ப்பக்கமாக ஒரு திருகு திருகினாளாம். கரண்டி கீழே விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு நாலு துளை, நாலு ஸ்க்ரூ. கால் மணி நேரத்தில் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள், கதவுக்கு வெளிப்பக்கமாக. இந்தக் கடிதத்தையும் பேனாவையும் கதவுக்கு அடியில் தள்ளி, "இப்ப உண்மையை எழுதுங்க" என்று நிற்கிறாள். எழுதுகிறேன்: மூன்று நாளும் நான் இறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனி மேல் தப்பில்லை. இனி தன் அண்ணனோடு கிளம்ப வேண்டிய அவசியமில்லை, தாழ்ப்பாள் இருக்கும் இடமே தனக்குச் சௌகரியம் என்கிறாள். ஆனால் ஒன்று, மருமகனே, நானும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டேன், கதவு இம்மியும் அசையவில்லை. துளை போட்டது என் கை பழக்கின மெஷின் அல்லவா? நீ வேறு மெஷின் கொண்டுவர வேண்டாமாம், உன் மெஷினை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறாள். என்னைத் திறந்துவிடுவது பற்றி ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.