ஜீப்பு வக்கீலம்மாவும் பதினேழு வளைவுகளும்

உலகத்திலேயே ஓடும் ஜீப்பில் ஆபீஸ் நடத்திய ஒரே வக்கீல் எங்கள் ஜீப்பு வக்கீலம்மாதான். இதை மறுப்பவர்கள் விடிகாலையில் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பு ஏறியதே இல்லை என்று அர்த்தம்.

நான் அப்போது ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்பது பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினாறாவது ஆளாக அந்தம்மா ஏறுவார். அறுபது வயதிருக்கும். கறுப்புக் கோட்டைச் சுருட்டி மஞ்சள் பையில் திணித்திருப்பார். ஒரு கையில் கேஸ் கட்டு, மறு கையில் அரை எலுமிச்சம்பழம். மலைப்பாதை அவருக்கு அறவே ஒத்துக்கொள்ளாது. மொத்தம் பதினேழு வளைவு, நாலாவதிலேயே முகம் வெளுத்துவிடும். அப்புறம் எதற்கு ஏற வேண்டும் என்று கேட்டால், "நீ கீழ வந்து எனக்காகக் காத்துக் கெடந்தா ஒரு நாள் சோலி போயிரும். எனக்கு என்ன போகுது, தின்ன ரெண்டு இட்லிதான?" என்பார்.

இலவச சட்ட உதவிக்கு எழுதிப் போட்டபோது எனக்கு ஒதுக்கப்பட்டவர் அவர். முதல் நாள் நான் பெருமையாக ஒரு முத்திரைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் என்னையும் என் வீட்டுக்காரரையும் தீர்த்துவிட்டதாக அதில் எழுதியிருக்கும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருப்போம். எங்கள் பக்கம் பாதிப் பேர் அதைத்தான் விவாகரத்து என்று நம்புகிறோம். நாலு வருடமாக அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

வக்கீலம்மா வாசித்து முடிப்பதற்குள் இரண்டாவது வளைவு வந்துவிட்டது.

"இதுல மிச்சர் மடிக்கலாம் ஆத்தா. உங்க சனத்துல இப்பிடித் தீக்கிற வழக்கம் இருக்குன்னு சாட்சி வச்சு நிரூபிக்கணும். அதுக்குள்ள உனக்குப் பல்லு விழுந்துரும்."

அந்தத் தாள் செல்லாது என்றால் நான் இன்னும் அவர் பொண்டாட்டிதான். அந்த மனுஷனோ குடித்தால் முதலில் மறப்பது அந்தத் தாளைத்தான். "நீ எம் பொண்டாட்டிதாண்டி" என்று வாசலில் நின்று கதவை உதைப்பார். ஒரு நாள் ஜீப்பு ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கக் கையைப் பிடித்து இழுத்தார். புருசன் பொண்டாட்டி சமாச்சாரம் என்று அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அவர் பொண்டாட்டி இல்லை என்று கோர்ட்டு சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வக்கீலம்மாவிடம் இன்னொரு வினோதமும் உண்டு. முக்கியமான கேள்வியை நேர் ரோட்டில் கேட்கவே மாட்டார். கொண்டை ஊசி வளைவு வரும்வரை காத்திருப்பார்.

"வளைவுல மனுசனுக்குப் பொய் வராது. ரெண்டு கையும் கம்பியப் புடிச்சிருக்கும், உசுரு தொண்டையில நிக்கும். பொய்ய யோசிக்க எங்க நேரம்?"

என்னிடமும் அப்படித்தான். அடித்தானா என்று நேர் ரோட்டில் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஏழாவது வளைவில் கேட்டார். அடித்ததில் இடது காது கேட்காமல் போனதை ஜீப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். என் அம்மாவுக்குக்கூட அதுவரை தெரியாது.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக மனுப் போட்டோம். முதல் தடவை என் வீட்டுக்காரர் ஒழுங்காக வந்து கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் இருவரும் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "ஊர்லயே தீத்தாச்சு, கோர்ட்டு எதுக்கு? நான் வரல."

வராவிட்டால் எல்லாம் பழையபடிதான். மறுபடி என் கதவுக்கு முன்னால் நிற்பார்.

வாய்தா அன்று விடிகாலை வக்கீலம்மா ஜீப்பு ஸ்டாண்டில் நின்றார். "வெரசா ஏறு. ஆளப் போய்ப் பாத்துருவோம்."

என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது மேலே ஓர் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரில். எங்களைப் பார்த்ததும் முறைத்தார். வக்கீலம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே சொன்னார்:

"ஏப்பா, பத்தரைக்குத் தேனியில கூப்புடுவாங்க. நான் யாரையும் கையப் புடிச்சு இழுக்க மாட்டேன். போடி வரைக்கும் ஜீப்புல வா. அங்க வந்தும் மனசு வரலன்னா திரும்பிக்க."

கையைப் பிடித்து இழுப்பது என்ற பேச்சைக் கேட்டதும் அங்கே வேலை பார்த்த எல்லோரும், ஜீப்பு ஸ்டாண்டு சங்கதி தெரிந்தவர்கள்தானே, என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினார்.

ஆளை இறக்கிவிட்டுக் கீழே திரும்பும் ஜீப்பு. எனக்கும் அவருக்கும் நடுவில் வக்கீலம்மா. இரண்டு வளைவு தாண்டியதும் ஒரு லோடு லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்து நின்றது. முக்கால் மணி நேரம் போனது. நான் டிரைவரின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி நகர்ந்ததும் டிரைவர் அண்ணன் ஜீப்பை விரட்டினார், வக்கீலம்மாவின் முகம் பச்சையாகிவிட்டது.

"ஓரங்கட்டவா வக்கீலம்மா?"

"ஓட்டுய்யா! வாந்திக்கு வாய்தா வாங்கியிருக்கேன்."

அடுத்த வளைவில் ஜீப்பு சாய்ந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். வக்கீலம்மா கேட்டார்:

"கோர்ட்டுக்கு வர உனக்கு என்னப்பா பயம்?"

"ஜட்ஜய்யா ஏன் பிரியுறீங்கன்னு கேப்பாரு. அத்தன பேரு முன்னாடி, அடிச்சதச் சொல்லணும்ல?"

"சம்மதத்துல பிரியுறப்ப அதெல்லாம் சொல்ல வேண்டியதில்லப்பா."

அந்த மனுஷன் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. நாலு வருடம் கதவை உதைத்தவனுக்கு இவ்வளவு சுலபமா? வக்கீலம்மா என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வளைவு வரும்வரை காத்திருந்தார்.

"கோர்ட்டுல சொல்ல வேணாம். இங்க சொல்லு."

ஜீப்பு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கம்பியைப் பார்த்து முணுமுணுத்தார். "அடிச்சேன்."

"யாருகிட்டச் சொல்ற, கம்பிகிட்டயா?"

அவர் என் பக்கம் திரும்பினார். என்னவோ சொன்னார். அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது கோபம்தான்.

"சத்தமாச் சொல்லு. எனக்கு இந்தக் காது கேக்காது."

டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டார்.

"அடிச்சேன். தப்புத்தான்."

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் வக்கீலம்மா வெளியே தலையை நீட்டினார். வாய்தா முடிந்துவிட்டது.

தேனிக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பெயரை இரண்டாவது முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜட்ஜய்யா கேட்டார், இரண்டு பேரும் சம்மதம் என்றோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, விவாகரத்து கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரராக இருந்தவர் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதேன்.

திரும்பும்போது தேவாரம் போகும் தனியார் பஸ்சில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் போடியில் இறங்க வேண்டும், வக்கீலம்மாவுக்கு அதைத் தாண்டிச் சிலமலையில் வீடு. பஸ் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வாயை லேசாகத் திறந்துகொண்டு குழந்தை மாதிரித் தூங்கினார்.

"ஏம்மா, போடி வந்துருச்சு, எறங்கலயா?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, அம்மா தூங்குறாங்க. எனக்குச் சிலமலைக்கு ஒரு டிக்கெட்டு கொடுங்க."