வராத புகாருக்கு மறுப்பு

“பாலம் இடிஞ்சதுக்கும் எங்க ஐயாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க!” என்று உதவியாளர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

போனில் நிருபர் கேட்டார்: “நான் தண்ணிக் குழாயைப் பத்தித்தானே கேட்டேன்? பாலம் இடிஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“இன்னும் இல்லையா?”

உதவியாளர் சட்டென்று போனை வைத்தார். சட்டமன்ற உறுப்பினரான ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. புகார் கிளம்புவதற்குள் மறுத்துவிட வேண்டும் என்பது அவராகவே கண்டுபிடித்த ராஜதந்திரம். அதை இன்றைக்கா காட்ட வேண்டும்? மாலையில் கட்சி வேட்பாளரை அறிவிக்கப்போகிறது. கறை படிந்த ஆளுக்குச் சீட்டு கிடையாது என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐயாவுக்குச் சீட்டு இல்லையென்றால் இவருக்கு வேலை இல்லை.

ஐயாவின் மனைவி எட்டிப் பார்த்தார். “என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?”

உதவியாளர் விஷயத்தைச் சொன்னார்.

“இதுக்கா பயப்படறே? வாயால சொன்னா திரிச்சிடுவாங்க. எழுத்துல குடு. விவரமாக் குடு.”

அந்த வீட்டில் அவரை மனிதராக மதிப்பவர் அந்த அம்மா ஒருவர்தான். அவர் சொல்லைத் தட்ட முடியுமா? விவரமாகவே அறிக்கை போனது. பாலம் கட்டும் ஒப்பந்தம் ஐயாவின் தம்பிக்குத் திறமையால் மட்டுமே கிடைத்தது. போட்டிக்கு வந்த மற்றவர்கள் சிரித்த முகத்தோடு தாங்களாகவே விலகிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தம்பி பாய்ந்து வந்தார். “யோவ்! கான்ட்ராக்ட் என்னோடதுன்னு ஈ காக்காய்க்குத் தெரியாதுய்யா! நீயே தண்டோரா போட்டுட்டியே!”

“சரி பண்ணிடறேங்க.”

“பாவம், கொழுந்தனார்” என்றார் அம்மா. “அவர் யோக்கியர்னு இன்னொரு அறிக்கை விட்டுடுப்பா. அந்த சிமென்ட் விஷயத்தையும் தெளிவுபடுத்திடு.”

தெளிவுபடுத்தினார். பாலத்துக்கு வந்த சிமென்டில் ஒரு மூட்டைகூட ஐயா வீட்டு மாடிக்குப் போகவில்லை என்று அடித்துச் சொன்னார்.

அடுத்து கேமராக்கள் வந்து மாடியைப் படமெடுத்தன. மாடியில் நின்ற ஐயா, சீட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கையசைத்தார். விஷயம் தெரிந்ததும் தடதடவென்று இறங்கி வந்தார்.

“இனிமே எனக்காக நீ எதையும் மறுக்கக்கூடாது! மூச்!”

“நல்லதைத்தாங்க நினைச்சேன்” என்று உதவியாளர் அழுதேவிட்டார். ஐயாவைப் பார்க்க அவருக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

வாசலில் கட்சி அலுவலகக் கார் வந்து நின்றது. இறங்கிய ஊழியர், ஐயா நீட்டிய கையைக் கவனிக்காமல் நேரே அம்மாவிடம் போனார்.

“வாழ்த்துகள்மா, நீங்கதான் வேட்பாளர்! ‘இப்படியொரு உதவியாளரை எங்கேருந்துமா தேடிப் பிடிச்சு வேலைக்கு வச்சீங்க’ன்னு தலைவர் கேட்டுவரச் சொன்னார்.”