ஒன்றாம் நம்பரையே கூப்பிட்ட திரை

எனக்குப் பத்து வரை எண்ணத் தெரியாது என்பது என் மாமனார் வீட்டில் நிரூபிக்கப்பட்ட உண்மை. (கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் குற்றம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.)

அப்போது அவர் மாமனார் இல்லை. சேலையூரில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். அவர் மகள் நித்யாவுக்கும் எனக்கும் ஒரே ஆபீஸ். "அப்பா கிளினிக்ல டோக்கன் நம்பர் காட்ட ஒரு ஸ்கிரீன் வேணுமாம். ஒழுங்கா பண்ணிக் குடு, அப்புறம் நம்ம விஷயத்தை நானே பேசறேன்" என்றாள். என் கல்யாணமே அந்தத் திரையை நம்பி இருந்தது.

நான் அதுவரை வெப் பக்கங்கள் செய்தவன். அங்கே எழுத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தை மேல், வலது, கீழ், இடது என்ற வரிசையில் நான்கு எண்களாக எழுதுவோம். இந்தத் திரைக்கான மென்பொருளிலும் நான்கு எண்கள்தான். மேற்கோள் குறிக்குள் எழுதினால் அதுவே பிரித்துக்கொள்ளும். ஆனால் அதன் வரிசை இடது, மேல், வலது, கீழ். அதைப் படித்துப் பார்க்க மேதைக்கு நேரம் ஏது? அடியில் ஒரு அறிவிப்பு வரி ஓட இடம் விடுவதற்காக, கீழே முன்னூறு என்று நினைத்து, "0,0,300,0" என்று கெத்தாக எழுதினேன். அந்த முன்னூறு கீழே போகாமல் வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. எழுத்தோ பெரிய எழுத்து. மிச்ச இடத்தில் ஓர் இலக்கம்தான் பிடித்தது. ஒன்பது வரை சோதித்துவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

முதல் நாள் தண்ணீர் கேன் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேர் அழகாக உள்ளே போய் வந்தார்கள். டாக்டர் உள்ளேயிருந்து பத்தை அழுத்தினார். மணி அடித்தது. திரையில் "1".

ஒன்றாம் நம்பர்காரர் மாடம்பாக்கத்துப் பெரியவர். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு, மகன் வண்டி கொண்டுவருவதற்காகக் காத்திருந்தார். பாவம், எழுந்து உள்ளே போனார். டாக்டர் திருப்பி அனுப்பினார். பத்து வரவில்லையே என்று டாக்டர் பதினொன்றை அழுத்தினார். மறுபடி "1". மறுபடி போனார். பன்னிரண்டுக்கும் அதே கதை. இந்த முறை கதவருகிலேயே நின்று பஞ்சைக் கையில் எடுத்தார்.

"இன்னா டாக்டரே, இன்னும் இருபது பல்லு கீது. எல்லாத்தையும் இன்னிக்கே புடுங்கிடுவியா?"

டாக்டர் வெளியே வந்து திரையைப் பார்த்தார். "இதைப் பண்ணது யாரு?"

தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஆறடி ஆள் ஒளிய முடியாது. "நான்தான் சார். கீழ விட வேண்டிய இடத்தை வலது பக்கம் விட்டுட்டேன்." லேப்டாப்பைத் திறந்து, முன்னூறைக் கடைசி இடத்துக்கு நகர்த்தினேன். "12" முழுசாக வந்து நின்றது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நான் ஒரு பல்லைத் தப்பா எடுத்துட்டா திருப்பி வைக்க முடியாது. உங்க தப்பு ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுது. குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நித்யா நேத்தே எல்லாம் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பெரியவரின் கையைப் பிடித்து நானே வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

போன மாதம் எங்கள் மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. கேக்கின் மேல் ஒன்றும் பூஜ்யமுமாக இரண்டு மெழுகுவர்த்திகள். எல்லோரும் பாட வாயைத் திறந்தபோது மாமனார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. மாப்பிள்ளை வலது பக்கம் நிக்கறாரு. மொதல்ல அவரை அந்தாண்ட தள்ளுங்க. பூஜ்யம் தெரியணும்."