டிசைனும் ஒரு கோணல் இலையும்

வில்லியனூரில் டிசைன் என்று நாங்கள் கூப்பிட்ட மனிதரின் கைக்கு எட்டும் இடத்தில் வெறுமையாக எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. தீப்பெட்டி, பஸ் டிக்கெட், பக்கோடா மடித்த தாள், எல்லாவற்றிலும் கொடி படரும், மீன் நீந்தும், கிளி உட்காரும். ஒருநாள் மத்தியானம் கண்ணயர்ந்த எங்கள் மில் முதலாளியின் கட்டைவிரல் நகத்தில் மயிலே வந்துவிட்டது. விழித்துப் பார்த்தவர் ஒரு கத்து கத்தினார். அப்புறம் நகம் வெட்டும்போது அந்த விரலை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தார்.

எழுபதுகளில் அந்த அரிசி மில்லில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூட்டைகளுக்கு மார்க் போடுவது டிசைனின் வேலை. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எழுத்து வெட்டிய தகரத்தை மூட்டைமேல் வைத்து மையைத் தடவினால் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. இவருக்கு அங்கேதான் ஆரம்பம். எழுத்தைச் சுற்றிப் பூ, பூவைச் சுற்றி வண்டு. கடலூர் வியாபாரி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"அரிசி அனுப்பச் சொன்னா கல்யாணப் பத்திரிகை அனுப்பிகினு கீறீங்களே!"

"மூட்டை நல்லாகீதா, இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல" என்றார் டிசைன்.

கையில் பேனா இல்லாத நேரத்தில் நகை செய்வார். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பி, பித்தளைத் தகடு, நெட்டித் தக்கை, நெல்மணி, எது கிடைத்தாலும் நகைதான். நெல்லை வரிசையாக ஒட்டித் தங்க பெயிண்ட் அடித்துக் கம்மல் செய்வார். களத்தில் நெல் உலர்த்தும் பெண்கள் எல்லார் காதிலும் அதுதான். ஐப்பசி அடைமழையில் நனைந்துபோன பூங்காவனம் மறுவாரம் சண்டைக்கு வந்தாள்.

"இன்னாய்யா இது? காதுல நாத்து உட்டுகீது!"

"வெத நெல்லும்மா. சரக்கு அவ்ளோ தரம்."

இத்தனை கலாட்டா செய்யும் மனிதருக்குக் கோணல் மட்டும் ஆகாது. ஒரு இதழ் சாய்ந்தாலும் அந்த நகையைத் தூக்கிப் பையில் போட்டுவிடுவார். மாட்டுப் பொங்கலன்று அந்தக் கழிசல் எல்லாம் மில் வண்டி மாடுகளுக்குப் போகும். நெட்டி மாலையோடு சேர்த்துக் கட்டி விடுவார். "மனுசனுக்குத்தான் கோணல் கண்ணுல படும். மாட்டுக்கு இன்னா?" என்பார்.

என் மனைவி கமலாவுக்கு அவள் அம்மா போட்ட இலை அட்டிகை ஒன்று இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே தங்கம் அதுதான். அதைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, தினமும் போட்டுக்கொள்ள அதேபோல் பித்தளையில் ஒன்று வேண்டும் என்று கமலாவுக்கு ஆசை வந்தது. டிசைனிடம் கேட்டேன்.

"பாத்தா பத்தாது சார். பக்கத்துலயே வெச்சிக்கணும்" என்றார். கொடுத்தோம்.

மாட்டுப் பொங்கலன்று பொழுது சாய்கிற நேரம். டிசைன் சிரித்த முகமாக எங்கள் வீட்டுக்கு வந்து பித்தளை அட்டிகையை நீட்டினார். கமலா உடனே கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அசலைவிட அழகாக இருந்தது.

"அசல்ல ஒரு எலை கோணல். அத்த நேராக்கிட்டேன்" என்று பெருமையோடு பைக்குள் கைவிட்டார். துழாவினார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கீழே விழுந்ததெல்லாம் கம்பித் துண்டுகள்.

"சார்... காத்தால பையில கெடந்த ஒரு கோணலை மாட்டுக்குக் கட்டினேன். அவசரத்துல நம்ம கை தவறின பித்தளைன்னு நெனச்சிட்டேன். கோணல்னு கண்டதும் தங்கம்னே தோணல சார்."

கமலா அந்தக் கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். மறுநாள் காணும் பொங்கல். பாகூரிலிருந்து அவள் அம்மா வருகிறாள்.

நானும் டிசைனும் சைக்கிளில் பக்கத்து ஊரான உறுவையாற்றுக்குப் பறந்தோம். மில் வண்டி ஓட்டும் மாயவன் வீட்டில், தெருவெல்லாம் ஓடிக் களைத்து வந்த மாடுகள் தங்கள் கழுத்து மாலையைத் தாங்களே தின்றுகொண்டிருந்தன. கொம்பு, கழுத்து, வைக்கோல் எல்லாம் தேடினோம். அட்டிகை இல்லை. டிசைன் ஒரு மாட்டின் வாயைப் பிளந்து, "துப்புடா ராசா, துப்பு" என்று கெஞ்சினார். மாடு அவர் சட்டையைத் தின்ன ஆரம்பித்தது.

காலையில் அத்தை வந்து இறங்கினாள். கமலா பித்தளையைப் போட்டுக்கொண்டு நின்றாள். வாசற்படியில் டிசைன், குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் மாதிரி. அத்தை மகளின் கழுத்தை ஒரு பார்வை பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இந்த எலை எப்டிடி நேராச்சு?"

கமலா அட்டிகையைக் கையால் மூடினாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"அடகு வெச்சிட்டீங்களா மாப்ளே?"

அந்தக் கேள்விக்கு நான் செத்தே போயிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் வெளியே சைக்கிள் மணி. மாயவன்! கையில் ஈரம் சொட்டச் சொட்ட, தவிடு ஒட்டிய அட்டிகை.

"மாட்டுக் கழனித்தண்ணித் தொட்டி அடியில கெடந்திச்சு சார். தொட்டி கழுவசொல்ல எங்க வூட்டுக்காரி பாத்துட்டு ஓடியாந்து குடுத்தா."

அத்தை கழுநீர் நாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை. அதை வாங்கி அந்தக் கோணல் இலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இதான்! பல்லு மொளைக்கசொல்ல இவ என் கழுத்துல தொங்கிகினு கடிச்ச கடி. ஆசாரி நேராக்கித் தரேன்னான். நான் உடல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கமலா அழுதுகொண்டே சிரித்தாள். நடந்ததைச் சொன்னதும் அத்தை மாட்டையும் டிசைனையும் சேர்த்து வைத்துத் திட்டிவிட்டு, எல்லாருக்கும் கரும்பு வெட்டச் சொன்னாள்.

டிசைன் மட்டும் கரும்பைத் தொடவில்லை. "அந்தப் பித்தளையைக் குடும்மா" என்று வாங்கினார். அசலைப் பக்கத்தில் வைத்துக் கூர்ந்து பார்த்தார். பித்தளை இலையை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தார். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போயிற்று.

"இப்பதான் சார் முடிஞ்சுது" என்றார்.

அப்புறம் எங்களுக்குத் தங்கம் கொஞ்சம் சேர்ந்தது, பேங்க் லாக்கரும் வந்தது. பித்தளையைக் கொண்டுபோய் லாக்கரில் வைக்கும் குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே டப்பாவில் இரண்டு அட்டிகை. ஒன்றில் கமலாவின் பால்பல் தடம் இருக்கிறது. இன்னொன்றில் டிசைனின் கடைவாய்ப் பல் தடம் இருக்கிறது. இரண்டில் எதையும் இழக்க எங்களுக்கு மனசு வராது.